கேம் நடுவில் லேப்டாப் அணைந்தால்: பேஸ்ட் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ஏப்ரல், மே வந்துவிட்டால் கடைக்கு வரும் கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான். "அண்ணா, விளையாடிட்டு இருக்கும்போதே பட்டுன்னு ஆஃப் ஆயிடுதுங்க. பேஸ்ட் மட்டும் மாத்திக் குடுங்க." நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள் தம்பிகள். பேஸ்ட் என்பது சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங் என்ற உலோகப் பாகத்துக்கும் நடுவே தடவும் பசை. அதை மாற்றியதும் சரியாகிற லேப்டாப் உண்டு. ஏற்கெனவே இரண்டு இடங்களில் பேஸ்ட் மாற்றியும் அணைவது நிற்காமல் வருகிற லேப்டாப்பும் நிறைய உண்டு. காரணம் தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை லேப்டாப்பைத் திறக்காமலே வீட்டில் நீங்களே செய்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். சூடு ஏறியவுடன் லேப்டாப் அணைந்துவிடாது. இன்றைய பிராசசர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவை. இன்டெல் லேப்டாப் சிப்புகள் பெரும்பாலும் 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் சிப்புகள் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை போகும். என்விடியா கிராஃபிக்ஸ் சிப் லேப்டாப்பில் பொதுவாக 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே தன்னைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால்தான் கடைசித் தற்காப்பாக மொத்தமும் அணையும். ஆகவே சூடுதான் காரணம் என்றால், அணைவதற்குச் சில நிமிடம் முன்பிருந்தே கேம் திக்கித் திணறும். 90 எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு) ஓடிக்கொண்டிருந்தது 40க்கு இறங்கும், ஃபேன் உச்சத்தில் அலறும். எந்தத் திணறலும் இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டால், சந்தேகத்தை முதலில் சார்ஜர், பேட்டரி பக்கம் திருப்புங்கள்.

அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் நிறையச் சொல்லும். பவர் பட்டனை அழுத்தினால் உடனே ஆன் ஆகாமல், பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் ஆகிறதா? அது சூடு. அடாப்டரில் எரியும் சின்ன விளக்கு அணைந்திருக்கிறதா, பிளக்கைக் கழற்றி மாட்டினால்தான் மறுபடி எரிகிறதா? அடாப்டர் தாங்க முடியாமல் தன்னைத் துண்டித்துக்கொண்டது என்று அர்த்தம். நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர், ரேம் பக்கம் பார்க்க வேண்டும். திரை மட்டும் கறுத்து, ஃபேன் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் கிராஃபிக்ஸ் சிப்பின் தொடர்பு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸும் கொஞ்சம் சாட்சி சொல்லும். ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறவர்கள் பலர். 41 என்பது நோயின் பெயர் அல்ல. "முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்துவிட்டது" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதே கெர்னல்-பவர் பெயரில் 86 என்ற எண் கிடைத்தால் மட்டும் குறித்துவையுங்கள்; சூடு எல்லை மீறியதால் விண்டோஸே அணைத்தது என்று பொருள். 86 இல்லை என்பதற்காகச் சூடு இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம். சிப் தானாகத் துண்டித்துக்கொள்ளும்போது விண்டோஸுக்கு எழுதிவைக்க நேரம் கிடைப்பதில்லை.

சூடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

ஹெச்டபிள்யூஇன்ஃபோ 64 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவி, திறக்கும்போது "சென்சார்ஸ் ஒன்லி" என்பதை டிக் செய்யுங்கள். வரும் பட்டியலின் கீழே லாகிங் தொடங்கும் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், ஃபைலுக்குப் பெயர் கேட்டுவிட்டு, இரண்டு விநாடிக்கு ஒரு வரி வீதம் எல்லா அளவுகளையும் எழுதிக்கொண்டே போகும். பிறகு வழக்கமாக விளையாடும் கேமையே விளையாடுங்கள். லேப்டாப் அணைந்ததும், ஆறவிட்டு ஆன் செய்து, அந்த ஃபைலை எக்செலில் திறந்து கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். பிராசசர் பேக்கேஜ் சூடு, கிராஃபிக்ஸ் சூடு, தெர்மல் திராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற பத்தியில் யெஸ் என்று இருக்கிறதா, பேட்டரி சதவீதம், ஃபேன் வேகம் காட்டும் மாடலாக இருந்தால் அதுவும்: இவ்வளவு போதும்.

வெயில் காலத்தில் கேம் ஓடும்போது பிராசசர் 85, 90 காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கேமிங் லேப்டாப்புக்கு அது அன்றாடம். எண்ணைவிட எனக்கு முக்கியம் அது ஏறும் விதம். கேம் திறந்த ஐந்து பத்து விநாடிக்குள் 55லிருந்து 100க்குத் தாவி, கேமை மூடியதும் அதே வேகத்தில் 60க்கு விழுந்தால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. சூடு சிப்பைவிட்டு வெளியே போகவே இல்லை. இதற்குத்தான் பேஸ்ட். மாறாக, 70, 75, 80 என்று மெதுவாக ஏறி, கால் மணி, அரை மணி கழித்து உச்சத்துக்குப் போய், கேமை மூடிய பிறகும் வெகுநேரம் இறங்காமல் நின்றால், ஹீட்சிங் சூட்டை வாங்கிக்கொண்டுவிட்டது, வெளியே தள்ளக் காற்று இல்லை. இதற்குப் பேஸ்ட் எவ்வளவு விலையுயர்ந்ததைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. தூசியைத்தான் எடுக்க வேண்டும், அல்லது ஃபேனை மாற்ற வேண்டும்.

பிராசசரும் கிராஃபிக்ஸும் 80க்குள்ளேயே இருக்கும்போது அணைந்தால் அது மூன்றாவது வகை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பஞ்சு

எங்கள் ஊரில் முதல் எதிரி பஞ்சுதான். பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீடு, மாடியில் வீடும் கீழே பவர் டேபிள் தையல் மெஷின்களும், வீட்டிலேயே பீஸ் மடித்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் என்று இருக்கும் இடங்களில் காற்றிலேயே நூல் பொடி மிதக்கும். லேப்டாப்பின் ஃபேன் அதை உறிஞ்சி ஹீட்சிங் தகடுகளின் மேல் கொண்டுபோய் அடிக்கும். சாதாரணத் தூசி தகடுகளின் இடைவெளி வழியாகக் கொஞ்சமாவது வெளியேறிவிடும். நூல் இழை போகாது, குறுக்கே படுத்துக்கொள்ளும். அதன்மேல் அடுத்த இழை. வெளியிலிருந்து பார்த்தால் காற்றுத் துவாரம் பளிச்சென்று இருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும், ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திரை நின்றுகொண்டிருப்பது. ஓரத்தை டுவீசரால் பிடித்து மெல்ல உரித்தால் கம்பளித் துண்டு போல ஒரே பீஸாக வரும். அந்தப் பகுதியில் என்ன கலர் ஆர்டர் ஓடியது என்பதுகூட சில சமயம் அதில் தெரியும். சாம்பலுக்கு நடுவே நேவி ப்ளூ, சிவப்பு அடுக்குகள். ஊர் வேறாக இருந்தால் அந்த இடத்தில் நாய், பூனை முடியோ படுக்கைப் பஞ்சோ இருக்கும். லேப்டாப்பை மெத்தையில் வைத்து விளையாடுகிறவர்கள் வீட்டில் தறி, தையல் எதுவும் தேவையில்லை.

இதனால்தான் வெளித் துவாரத்தில் புளோயர் வைத்து அடிப்பதை நான் ஏற்பதில்லை. அடித்த காற்று அந்தத் திரையைப் பின்பக்கம் தள்ளி ஃபேன் இறக்கைக்குள் கொண்டுபோய்விடும். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடி அதே இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். திறந்துதான் எடுக்க வேண்டும்.

திறக்கும் முறை இது. வாரண்டி பாக்கி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள், நீங்கள் கைவைக்க வேண்டாம். வாரண்டி முடிந்திருந்தால், ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் தாளில் மூடியின் படத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே செலோ டேப்பால் ஒட்டிவையுங்கள். பின்பக்க ஸ்குரூ நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் இருக்கும் மாடல்கள் அதிகம். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கைவைக்கும் இடத்தில் குத்திக்கொண்டு வந்துவிடும். எல்லா ஸ்குரூவும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கலாம். இரும்பால் நெம்பாதீர்கள், பழைய ஏடிஎம் கார்டு போதும்.

மூடி வந்ததும் செய்யும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிமூடி சரியாக உட்காராமல் இருந்தாலோ உப்பிய பேட்டரியாக இருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பல மாடல்களில் ஹீட்சிங்கைத் தொடாமலே ஃபேனை மட்டும் கழற்றலாம். இரண்டு மூன்று ஸ்குரூ, ஒரு சின்ன வயர் கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு ஓரத்தையும் நகத்தால் மாற்றி மாற்றித் தள்ளுங்கள். பஞ்சை டுவீசரால் எடுத்த பிறகு மிச்சத்துக்கு மென்மையான பிரஷ், அப்புறம் புளோயர். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். கழற்றிய ஃபேனை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றி நின்றால் நல்லது. கரகரவென்றாலோ, உடனே நின்றாலோ, அச்சு ஆடினாலோ ஃபேனை மாற்றுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டுவது சில வாரத்துக்கு மேல் நிற்காது, வழிந்த எண்ணெயில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும்.

பேஸ்ட், பேட்

நொடியில் 100க்குத் தாவும் லேப்டாப்புக்குத்தான் இந்தப் பகுதி. ஹீட்சிங் ஸ்குரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்னதுக்கு வாருங்கள், மாட்டும்போது 1லிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரேயடியாக முறுக்காமல் எல்லாவற்றையும் பாதிப் பாதியாக இறுக்கிக்கொண்டே சுற்றி வர வேண்டும். லேப்டாப் சிப்பின் மேல் பாதுகாப்பு மூடி கிடையாது, கண்ணாடி மாதிரிச் சிலிக்கான் நேரடியாக வெளியே தெரியும். ஒரு மூலை மட்டும் அழுந்தினால் விளிம்பு உடைந்துவிடும், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஹீட்சிங்கைத் தூக்கியதும் துடைக்காதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள். எந்த இடத்தில் எந்தத் தடிமனில் தெர்மல் பேட் (இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு) இருந்தது என்பது அந்தப் படத்தில் இருந்தால்தான் பிறகு பிழைப்பீர்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், மொபைல் ஸ்பேர்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். திறந்ததும் பாதரசம் போல வெள்ளியாகப் பளபளக்கும் திரவம் சிப்பின் மேல் இருந்தால் அது லிக்விட் மெட்டல். ஆசஸ் ஆர்ஓஜி மாடல்கள் சிலவற்றில் கம்பெனியே போட்டு அனுப்புகிறது. மின்சாரம் கடத்தும் பொருள், ஒரு துளி சிதறினாலும் போர்டு போய்விடும். அங்கேயே நிறுத்திவிட்டுப் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

புதுப் பேஸ்ட்டைச் சிப்பின் முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பரப்புங்கள், மூலைகள் விட்டுப்போகக் கூடாது. எதைப் போடுவது என்று கேட்டால், கேமிங் லேப்டாப்புக்கு நான் நம்புவது ஹனிவெல் பிடிஎம் 7950 என்ற ஷீட். சாதாரணச் சூட்டில் திடமாக இருந்து, 45 டிகிரி வாக்கில் இளகிச் சிப்போடு ஒட்டிக்கொள்ளும். பேஸ்ட்டானால் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். இது அப்படி எளிதில் ஒதுங்காது. பேஸ்ட்தான் கிடைக்கிறது என்றால் கெட்டியான வகையாகப் பாருங்கள், ஆர்க்டிக் எம்எக்ஸ்-6 போதும்.

இனி அந்த மூன்றாவது வகை. போன கோடையில் ஒரு கல்லூரித் தம்பி கொண்டுவந்த லேப்டாப்பின் லாகில் பிராசசர் 78, கிராஃபிக்ஸ் 72. திணறலே இல்லை. இருந்தும் இருபது நிமிடத்தில் அணைந்தது. அவரே வேறொரு பெரிய அடாப்டர் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தும் மாற்றமில்லை. திறந்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. முன்பு சர்வீஸ் செய்தவர்கள் கிராஃபிக்ஸ் மெமரி மேலும், சிப்புக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் மாஸ்ஃபெட்கள் மேலும் இருந்த பேட்களைப் பிய்த்துவிட்டு, அங்கெல்லாம் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். அந்த இடங்களில் ஹீட்சிங்குக்கும் பாகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. பேஸ்ட் அதை நிரப்பாது. மாஸ்ஃபெட்களின் சூட்டைப் பல மாடல்களில் மென்பொருள் காட்டவும் செய்யாது. நாம் திரையில் 78 பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே அது கொதித்துக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு 1 மில்லிமீட்டர் பேட் வைத்ததும் அணைவது நின்றது.

பேட் மாற்றுவதாக இருந்தால் தடிமன்தான் உயிர். 0.5 இருந்த இடத்தில் 1 வைத்தால் ஹீட்சிங் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும், முன்பைவிட மோசமாகும். கிழியாமல் மெத்தென்று இருக்கும் பழைய பேட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சார்ஜரும் பேட்டரியும்

அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர் என்றால் 180 வாட். லேப்டாப்போடு வந்தது 180 வாட்டாக இருந்து, தொலைந்துபோய் நீங்கள் பிறகு வாங்கியது அதே பின் உள்ள 120 வாட் என்றால், பிரவுசிங்குக்கு ஒன்றும் தெரியாது. கேம் திறந்தால்தான் பற்றாக்குறை வெளிப்படும். டைப்-சி சார்ஜரில் விளையாடுகிறவர்களுக்கும் இதேதான். லாகில் பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள். சார்ஜர் மாட்டியிருந்தும் 100, 96, 91 என்று இறங்கிக்கொண்டே வந்தால் அடாப்டர் போதவில்லை, மிச்சத்தைப் பேட்டரி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சரியான அடாப்டர் இருந்தாலும் சில கேமிங் லேப்டாப்புகள் உச்சத் தேவை வரும் கணத்தில் பேட்டரியிலிருந்தும் சேர்த்து இழுக்கும். பேட்டரி செத்துப்போயிருந்தால் அந்தக் கணத்தில் அணைந்துவிடும். சோதிப்பது எளிது. கேம் எதுவும் இல்லாமல், முழுச் சார்ஜில், சார்ஜரைப் பிடுங்குங்கள். உடனே அணைந்தாலோ, சில நிமிடத்தில் 100லிருந்து 30க்குக் குதித்தாலோ பேட்டரியை மாற்ற வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பேட்டரி வியர் லெவல் என்ற வரியும் தேய்மானத்தைச் சதவீதமாகக் காட்டும். நல்ல பேட்டரி உள்ள லேப்டாப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் லூஸ் ஆனாலும், கரண்டே போனாலும் அணையாது. "வீட்ல வோல்டேஜ் சரியில்லைங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியிருப்பது பேட்டரிதான்.

திறக்காமலே குறைக்கக்கூடியது

அறைச் சூடு ஐந்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். மார்கழியில் ஓடிய அதே செட்டிங்கில் சித்திரை மதியம் விளையாட முடியாமல் போவதற்கு லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு தூக்கிவையுங்கள், காற்று அடியிலிருந்து நன்றாக ஏறும். கூலிங் பேட் வாங்கும் காசுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், சில டிகிரிதான் குறையும்.

நிஜமாகவே பெரிய வித்தியாசம் தருவது எஃப்பிஎஸ் கட்டுப்பாடு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று ஒன்று இருக்கிறது. வாலரண்ட் போன்ற லேசான கேம்கள் கட்டுப்பாடு இல்லாவிட்டால் 200க்கு மேலும் ஓடி, தேவையில்லாமல் சூடேற்றும். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் 140ல் நிறுத்துங்கள், கனமான கேமுக்கு 60 போதும். அடுத்தது பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100லிருந்து 99 ஆக்குவது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். பெரும்பாலான லேப்டாப்புகளில் அந்த ஒரு சதவீதம் டர்போ பூஸ்ட் என்ற கூடுதல் வேகத்தையே நிறுத்திவிடும், பிராசசர் சூடு பத்துப் பதினைந்து டிகிரி வரைகூட இறங்குவதைப் பார்க்கலாம். பிராசசரை அதிகம் நம்பும் கேம்களில் எஃப்பிஎஸ் கொஞ்சம் குறையும். அண்டர்வோல்ட் (பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்; 2019 கடைசியில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பல இன்டெல் லேப்டாப்புகளில் பயாஸ் அப்டேட் வழியாக அந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. உங்களுடையதில் வோல்டேஜ் குறைக்கும் பகுதி மங்கலாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் அதே கேமை, அதே அறையில், அரை மணி நேரம் லாக் போட்டுப் பாருங்கள். மூன்று மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சூடு நன்றாக இருக்கிறது, அடாப்டரும் பேட்டரியும் சரி, பேட்கள் இடத்தில் இருக்கின்றன, அப்படியும் அணைகிறது என்றால் அது போர்டு வேலை: சார்ஜர் பின் சொருகும் ஜாக், அதை ஒட்டிய மாஸ்ஃபெட்கள், எங்காவது லேசான ஷார்ட். சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "ஹீட் ஆகுதுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். லாக் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். எந்த கேம், எத்தனையாவது நிமிடம், சார்ஜர் மாட்டியிருந்ததா, அணைந்த பிறகு அடாப்டர் விளக்கு எரிந்ததா, இதற்கு முன் யாராவது திறந்திருக்கிறார்களா என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.